பச்சைக் கம்பி யார் பொறுப்பு?

எட்டாம் வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்கலம், விளக்கு, கம்பி ஆகியவற்றை மேஜையின்மீது பரப்பி வைத்து, "புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சேர வழி இருந்தாலன்றி மின்சாரம் ஓடாது" என்று விளக்கி முடித்தேன். சந்தேகம் உள்ளவர்கள் கேட்கலாம் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான்.

"ஸார், எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது. அப்பா, 'செருப்புப் போட்டுக்கொண்டு திற' என்கிறார். செருப்புப் போட்டுக்கொண்டால் கடிப்பதில்லை. அது ஏன், ஸார்?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ள கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் உபாத்தியாயரின் கடமை தீர்ந்தது. வீட்டிலிருந்து வருகிற கேள்விக்கு விடை சொல்வதோடு காரியம் முடிவதில்லை. அன்று மாலையே, எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன்.

மாடிப் பகுதியில் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் கீழே வசித்தார். பையனின் தகப்பனார் மிக்க மரியாதையுடன் வரவேற்றார்.

"இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், ஸார்? கொஞ்சம் எர்த் அடிக்கிறது, அவ்வளவுதான். பழகிவிட்டது. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டு வேலை செய்யும் அம்மாள் படியேறி வந்தாள். தன் செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக அடுக்களைக்குள் நுழைந்து, அந்தப் பிரிஜ்ஜின் அடியிலேயே தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். ஈரத் தரை, ஈரக் கை, வெறுங்கால்! "சற்று இருங்கள், அம்மா" என்று நான் சொல்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தகப்பனாரின் முகம் மாறிவிட்டது. செருப்பு என்ற யோசனை யாரைக் காப்பாற்றும், யாரைக் காப்பாற்றாது என்பதை அவரே அந்த ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டார்.

நம் ஊர்களில் 'எர்த் அடிக்கிறது' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உண்மை இதற்கு நேர் விரோதமானது. எர்த் அடிப்பதில்லை; எர்த் இல்லாததுதான் அடிக்கிறது. இதை நேயர்கள் நன்கு மனத்தில் கொள்ளவேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால், மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

தெருக்கோடியில் உள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்து நம் வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றுக்குப் பேஸ் என்றும், மற்றதற்கு நியூட்ரல் என்றும் பெயர். வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிற ஓட்டம் இது. எளிமைக்காக, பேஸ் வழியாக வந்து நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தம் 230 வோல்ட். டிரான்ஸ்பார்மரின் அடியில், இந்த நியூட்ரல் கம்பியைத் தரைக்குள் புதைத்த உலோகத்துடன் பிணைத்திருக்கிறார்கள். ஆகவே மின்சாரம் திரும்பிச் செல்வதற்கு நியூட்ரல் கம்பி ஒரு வழி. நாம் நிற்கும் பூமி இன்னொரு வழி.

பிரிஜ், சலவை யந்திரம், கிரைண்டர், வெந்நீர் போடும் கீஸர் ஆகிய எல்லாவற்றிலும் மின்சாரக் கம்பி உறைக்குள் அடங்கி இருக்கிறது. எலி கடித்தோ, ஈரம் பட்டோ, நாட்பட்ட தேய்மானத்தாலோ உறை பழுதுபட்டால், பேஸ் கம்பி யந்திரத்தின் உலோகக் கூட்டைத் தொட்டுவிடும். அப்பொழுது கூடு முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்தில் இருக்கும். பார்வைக்கு ஒரு மாறுதலும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் ஒருவர் அதைத் தொட்டால், கூட்டிலிருந்து பூமிக்குச் செல்லும் வழியாக அவருடைய தேகமே அமைந்துவிடுகிறது.

இந்நிலையில் மனித தேகத்தின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொள்ளலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர் வருகிறது. இது எவ்வளவு என்று புரிய வேண்டுமானால் சில அளவுகளைச் சொல்லவேண்டும். ஒரு மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்ற உணர்ச்சி தெரியும். பத்து மில்லி ஆம்பியர் சுமாருக்குக் கைத் தசைகள் இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமற் போகும். முப்பதுக்குமேல் சற்று நேரம் நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் அபாயம். 230 என்றால் விவரிக்கவும் வேண்டுமா?

செருப்பு என்ன செய்கிறது? வழியில் ஒரு தடையைக் கூட்டி, ஓட்டத்தைக் குறைக்கிறது. கூட்டில் உள்ள மின்சாரம் அங்கேயேதான் இருக்கிறது. செருப்பில்லாத காலுக்காகவோ, மறு கையால் தண்ணீர்க் குழாயைத் தொடும் குழந்தைக்காகவோ அது காத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் மூன்றாவது கம்பியாகிய எர்த் வருகிறது. பழைய வயரிங் வழக்கத்திலிருந்து இன்றுவரை அதற்கு அடையாளம் பச்சை நிறம். யந்திரத்தின் உலோகக் கூட்டிலிருந்து மூன்று கால் பிளக்கின் பெரிய கால் வழியாகச் சுவருக்குள் சென்று, மெயின் பெட்டியை அடைந்து, அங்கிருந்து வீட்டுக்கு வெளியே உள்ள எர்த் குழிக்குப் போகிறது. பெரிய கால் ஏன் மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. செருகும்போது முதலில் எர்த் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் பிரியவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஜில்லா ஏரிப் பாசனம் மிகுந்தது. ஆகையால் வகுப்பில் நான் சொல்லும் உவமை ஒன்றை இங்கும் சொல்கிறேன். ஏரிக்கு மதகு உண்டு, கலிங்கும் உண்டு. மதகைத் தினந்தோறும் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால் எல்லோரும் கவனிப்பார்கள். கலிங்கின் நினைவு ஒருவருக்கும் வராது. வருஷத்தில் பெரும் பகுதி அது வறண்டு கிடக்கும். முள்ளும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டாலும் வயலுக்குத் தண்ணீர் பாய்வதில் குறைவிராது. பெருமழை பெய்த ஓர் இரவில்தான், கலிங்கு அடைபட்டிருந்தது என்பது கரை உடைந்து தெரியவரும். பச்சைக் கம்பியும் அப்படிப்பட்டதே. அது இருந்தாலும் விளக்கு எரியும், இல்லாவிட்டாலும் எரியும். விசிறி சுழலும், பிரிஜ் குளிரும். ஒரு குறையும் தெரியாததுதான் இதில் உள்ள பெருங்குறை.

அந்த வீட்டில் நடந்திருந்ததும் இதுவே. எலக்ட்ரீஷியன் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். பச்சைக் கம்பி ஒழுங்காகவே வெளியேறியிருந்தது. சுவரோரமாக இறங்கிக் கொல்லைப்புறம் சென்றது. சிமெண்டுத் தளம் ஆரம்பிக்கும் இடத்தில் துண்டித்து நின்றது. இரண்டு வருஷங்களுக்கு முன் கொல்லைக்குத் தளம் போட்டபோது, குழியின்மீது சிமெண்டைப் பூசிக் கம்பியையும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். பிரிஜ்ஜின் பின்புறத்தில் கம்பி உறையை எலி கடித்திருந்தது. இரண்டு பிழைகளும் சேர்ந்துகொண்டன.

"இதை ஏன் சரி செய்யவில்லை?" என்று விசாரித்தேன். வீட்டுக்காரர், "எர்த் என்றால் மின்சார ஆபீஸார் சமாசாரம் அல்லவா? அவர்கள்தானே கரண்டு கொடுக்கிறார்கள்?" என்றார். பையனின் தகப்பனார், "நான் குடியிருப்பவன். அவருடைய தளத்தை நான் உடைக்க முடியுமா?" என்றார். முன்பொருமுறை பியூஸ் போட வந்த லயன்மேன் ஒருவர், "மீட்டர் வரையில்தான் எங்கள் வேலை" என்று சொல்லிப் போனாராம். விசிறி மாட்ட வந்த ஓர் எலக்ட்ரீஷியன், "சொன்னேன், பிறகு பார்க்கலாம் என்றார்கள்" என்றாராம். இவர்களில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஒவ்வொருவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. நான்கு பாதிகள் சேர்ந்தும் ஒரு கம்பி முழுமை பெறவில்லை!

அப்படியானால் பொறுப்பு யாருடையது? சட்டம் இதைச் சற்றுத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 33-ம் விதி, மின்சாரம் வழங்குபவர் நுகர்வோரின் இடத்தில், சப்ளை தொடங்குமிடத்திலோ அதன் அருகிலோ, எளிதில் எட்டக்கூடியவாறு தக்க எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிக்கவேண்டும் என்று விதித்தது. அம்முனைக்குச் சேதம் வராமல் பாதுகாப்பது நுகர்வோரின் கடமை என்றும் கூறியது. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட சப்ளையானால் நுகர்வோர் தமக்கென்று தனியான எர்த் அமைப்பையும் செய்துகொள்ள வேண்டும். மூன்று பேஸ் சப்ளை வாங்கும் பெரிய வீடுகள் இதில் அடங்கும். 2010-ல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதையே வழிமொழிந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

சப்ளை தொடங்குமிடம் என்பதே எல்லைக்கோடு. அதற்கு இப்பால் உள்ள சர்வீஸ் கம்பியையும் மீட்டரையும் நல்ல நிலையில் வைத்திருப்பது மின்சாரம் வழங்குபவரின் கடமை. அதற்கு அப்பால், வீட்டுக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு பிளக்கும், பச்சைக் கம்பி உட்பட, நுகர்வோரின் பொறுப்பு. ஆகவே வாசலில் எர்த் முனை இருக்கிறதா என்று மின்சார ஆபீஸைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அடுக்களைப் பிளக்கில் எர்த் இல்லை என்று அவர்களைக் குறை கூற உரிமை இல்லை. நடைமுறையில் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்காரர் தோண்டிய குழி ஒன்றையே நம்பியிருக்கிறோம். அதைக் கவனிப்பவரும் வீட்டுக்காரராகத்தான் இருக்க முடியும்.

வீட்டுக்குச் சொந்தக்காரரா, குடியிருப்பவரா, யார் நுகர்வோர்? 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் இச்சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்திருக்கிறது. தம் உபயோகத்துக்கு மின்சாரம் பெறுபவரும் நுகர்வோர். எவருடைய இடம் மின்சார அமைப்புடன் இணைக்கப்பட்டிருக்கிறதோ அவரும் நுகர்வோர். இதைப் படித்தபின், "அவரா, நானா?" என்ற தர்க்கத்துக்கு அதிக இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழியும் சுவருக்குள் ஓடும் கம்பியும் கட்டடத்தோடு சேர்ந்தவை. கட்டடத்தின் சொந்தக்காரர் அவற்றைச் செய்வதே முறை. யந்திரங்களையும் அவற்றின் கம்பிகளையும் வைத்து நடத்துபவர் குடியிருப்பவர். குறை கண்டவுடன் சொல்வதும், தீரும்வரையில் அந்த யந்திரத்தை நிறுத்தி வைப்பதும் அவர் கடமை.

நமது பிளக்கின் வடிவமும் வயரிங் வழக்கமும் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தவை. ஆகையால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று அறிவது பயன்படும். பழைய நகரங்களில் தரைக்கடியில் வரும் கேபிளின் ஈய உறையே வீட்டுக்கு எர்த்தாக உதவியது. பிற்காலத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே கம்பியாக்கி, அதை வழிநெடுகப் பல இடங்களில் பூமியுடன் பிணைத்து, வீட்டு வாசலில் எர்த் முனை கொடுக்கிறார்கள். மேல்கம்பி ஓடும் கிராமப்புறங்களில் பலர் நம்மைப்போலவே தரையில் சொந்தமாக உலோகத் தண்டு அடித்துக்கொள்கிறார்கள். 2002-ம் வருஷத்து விதிகளின்படி, புது இணைப்புக்கு எர்த் முனை கொடுப்பது பகிர்மானம் செய்பவரின் கடமை. பாதுகாப்பைக் கருதி அது பொருந்தாத இடங்கள் மட்டும் விலக்கு. அங்கும் வீட்டுக்குள் இருப்பது வீட்டாரின் பொறுப்பே. தேசம் வேறானாலும் எல்லைக்கோடு ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி, குழி ஒன்று இருந்தால் மட்டும் போதுமா என்று பார்ப்போம். கூட்டில் ஏறிய மின்சாரம் பச்சைக் கம்பி வழியே பூமிக்குள் பெருக்கெடுத்து ஓடவேண்டும். அந்தப் பெருக்கு பியூஸை எரிக்கவேண்டும். பழுதுபட்ட யந்திரத்துக்குச் சப்ளை நிற்கவேண்டும். இதுவே பழைய ஏற்பாடு. நம் குழியின் தடை 4 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர் ஓடும். 5 ஆம்பியர் பியூஸ் உடனே எரிந்துவிடும். குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்து, அதன் தடை 45 ஓம் ஆகிவிட்டால் என்ன நேரும்? 230-ஐ 46-ஆல் வகுக்க 5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ஸ்விட்ச் இதற்கு அசைந்துகொடுக்காது. யந்திரத்தின் கூடோ 225 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். எர்த் குழி இருக்கிறது என்ற நம்பிக்கையோடு நாம் அதைத் தொடுவோம்!

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கசிவு கண்டு துண்டிக்கும் சாதனம். கடைகளில் ஆர்.ஸி.ஸி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஜீல் என்பவர், மனித தேகம் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று நெடுங்காலம் ஆராய்ந்து, 1961-ல் வீடுகளுக்கு ஏற்ற இத்தகைய சாதனம் ஒன்றை அமைத்தார். தத்துவம் மிக எளியது. பேஸ் வழியாக எவ்வளவு சென்றதோ அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பவேண்டும். திரும்பாமற் போனால், நடுவில் எங்கேயோ பூமிக்குள் கசிகிறது என்று பொருள். வீடுகளுக்கு ஏற்ற சாதனம் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டதும் 0.3 வினாடிக்குள் சப்ளையை அறுத்துவிடும். கசிவு அதிகமானால் இன்னும் விரைவாகவே அறுக்கும்.

அது இருந்தால் எர்த் எதற்கு என்று கேட்கலாம். எர்த் உள்ள வீட்டில், உறை பழுதுபட்ட அந்தக் கணமே மின்சாரம் பச்சைக் கம்பி வழியே கசியும். ஒருவரும் தொடுவதற்கு முன்பே சாதனம் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டில், யாராவது ஒருவர் தொட்டு, அவர் தேகத்தின் வழியாகக் கசிந்த பிறகுதான் சாதனத்துக்குச் செய்தி எட்டும். உயிர் பெரும்பாலும் தப்பும். ஆனால் சோதனைக்கு மனிதரை வைத்துப் பார்ப்பது நியாயமா? ஆகையால் இரண்டும் வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருங்கே தொடுபவரை இந்தச் சாதனமும் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

குறுக்கு வழிகள் சிலவற்றைப் பற்றி எச்சரிப்பது அவசியம். முன்னாளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. தரைக்கடியில் உள்ள குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியவுடன் பூமிக்குச் செல்லும் வழி அறுந்துபோகிறது. மேலே மிஞ்சியிருக்கும் இரும்புக் குழாயிலோ மின்சாரம் ஏறி நிற்கும். குளிக்கும் அறைக்கு இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. இன்னும் சிலர் பிளக் கட்டைக்குள் நியூட்ரலையும் எர்த் துளையையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு, எர்த் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். என்றாவது நியூட்ரல் கம்பி வழியில் அறுந்தால், அந்த யந்திரத்தின் கூடு முழு அழுத்தத்தையும் பெற்றுவிடும். பிரிட்டனில் வழங்குபவர் தக்க பிணைப்புகளுடன் தம் பொறுப்பில் செய்வதை நாம் கட்டைக்குள் செய்வது தகாது. மூன்று கால் பிளக்கின் பெரிய காலை ஒடித்து இரண்டு துளைக் கட்டையில் செருகுவதைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ?

குடும்பத்தார் தாமே பார்க்கக் கூடியவை சில உண்டு. மெயின் பெட்டியிலிருந்து எர்த் கம்பி எங்கே போகிறது என்று, கையால் தொடாமல், கண்ணால் தொடர்ந்து சென்று பாருங்கள். அது முடியுமிடத்தில் குழி தெரியவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் 3043-ம் எண் நெறிமுறைப்படி, குழாய் வகை எர்த்துக்கு 40 மில்லி மீட்டர் குறுக்களவும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள நாகம் பூசிய இரும்புக் குழாய் வேண்டும். அது கட்டடச் சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது ஈரம் நிற்பதற்காக. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் சடங்கு அல்ல. கசிவுச் சாதனத்தில் 'டி' என்று குறித்த சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். உடனே சப்ளை அறுபடவேண்டும். குழியின் தடையை அளப்பதற்கும் வயரிங்கில் கை வைப்பதற்கும் லைசென்ஸ் பெற்றவரை அழையுங்கள். எந்த யந்திரமாவது சுருக்கென்று கடித்தால், அன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், செருப்பைத் தேடாதீர்கள். ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால், அவரைத் தொடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணையுங்கள்.

அந்த வீட்டுக் கதையை முடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் ஒருங்கே உட்கார வைத்துப் பேசினேன். வீட்டுக்காரர் முதலில், "இரண்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!" என்றார். "ஆமாம். ஏனென்றால் இரண்டு வருஷமாக எலி அந்தக் கம்பியைக் கடிக்கவில்லை" என்றார் எலக்ட்ரீஷியன். பிறகு அவர் வாதாடவில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாள் அவர் வீட்டுக்கும் வேலைக்கு வருபவள்தான் என்பது பேச்சில் தெரியவந்தது. தளத்தை உடைத்துப் புதுக் குழி போடும் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். பிரிஜ்ஜின் கம்பிக்கும் கசிவுச் சாதனத்துக்கும் உள்ள செலவைப் பையனின் தகப்பனார் ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்ததும் குழியின் தடையை அளந்து, தேதியோடு மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன். அடுத்து வருபவர் யாராயினும், யாரைக் கேட்பது என்று திகைக்கவேண்டியதில்லை அல்லவா?

மறு நாள் வகுப்பில் பையனைக் கூப்பிட்டு, செருப்பு ஏன் போதாது என்று எல்லோருக்கும் சொல்லும்படி பணித்தேன். நன்றாகவே சொன்னான். சொல்லி முடித்தும் உட்காராமல் நின்றான்.

"ஸார், நம் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா?"

பத்து வருஷங்களுக்கு மேலாக அந்த மோட்டார் அறையைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். ஒருநாளாவது எட்டிப் பார்த்ததில்லை. "தெரியாது, தம்பி" என்றேன். மணி அடித்ததும் தலைமை ஆசிரியரிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் போய்ப் பார்த்தோம். கம்பி இருந்தது, குழியும் இருந்தது. குழிதான் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அதை அளந்து பார்க்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினோம்.